மூன்றாவது தொட்டி மண்

ஃபியூஸ் சாருக்கு அந்தப் பட்டப்பெயரை எந்த வருடத்துப் பிள்ளைகள் வைத்தார்கள் என்று இப்போது யாருக்கும் தெரியாது. வைத்தவர்கள் விவரமானவர்கள். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் அவருக்குக் கோபம் பட்டென்று வரும், வந்த வேகத்தில் அணைந்தும் போகும். அடுத்த நிமிடமே ஒன்றும் நடக்காதது போல மேசைக்கடியில் சாக்பீஸைத் தேடிக்கொண்டிருப்பார். ஆனால் அந்தப் பட்டென்ற நேரத்தில் அவர் வாயிலிருந்து ஒரு வசவு விழும். மற்ற ஆசிரியர்கள் எருமை, தண்டம், உதவாக்கரை என்று ரகத்துக்கு ஒன்றாகக் கையிருப்பு வைத்திருந்தார்கள். ஃபியூஸ் சார் சிக்கனக்காரர்.

"மண்டையில என்ன, களிமண்ணா இருக்கு?"

இதோடு அவருடைய அகராதி முடிந்தது. பிள்ளைகளும் அதை மழை, வெயில் போல ஏற்றுக்கொண்டு காலம் தள்ளினார்கள். ரேடியோவின் அம்மா காதுக்கு அது போகும் வரைக்கும் ஒரு குறையும் இல்லை.

ரேடியோ என்பது எட்டாம் வகுப்பில் ஜன்னலோரம் உட்காரும் பெண். தூங்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் பேசுவாள்; தூங்கும்போதும் பேசுவாள் என்று அவளுடைய தம்பி சொல்லியிருக்கிறான். ஒரு நாள் அவளை எழுப்பி நிற்கவைத்து, மின்னோட்டத்தை எந்த அலகில் அளப்பது என்று ஃபியூஸ் சார் கேட்டார்.

"கிலோ, சார்."

"கிலோவா? எந்தக் கடையில எடை போட்டுத் தர்றாங்க?"

"எங்க வீட்டு மீட்டர்ல கிலோவாட்னு போட்டிருக்கே சார். பாதியாவது சரிதானே?"

பட்டென்றது. வசவு விழுந்தது. ரேடியோவுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. சாயங்காலம் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றியது, மூச்சை இழுத்தது, கடைசியில் அந்த வசவு எல்லாவற்றையும் குரல் மாற்றி நடித்துக் காட்டினாள். அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. தம்பி மறுபடி நடிக்கச் சொன்னான். அம்மா மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

அம்மா ஸ்கேன் சென்டர் டாக்டர். மறுநாள் காலையில் ஒரு பெரிய பழுப்பு உறையோடு தலைமையாசிரியையின் அறையில் வந்து உட்கார்ந்திருந்தாள். ஃபியூஸ் சாரைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவர் உள்ளே வந்ததும் டாக்டரம்மா உறையிலிருந்து ஒரு ஃபிலிமை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"சார், இது என் பொண்ணு மண்டை. போன வருஷம் சைக்கிள்ல இருந்து விழுந்தப்போ நானே எடுத்தது. கொஞ்சம் கிட்ட வாங்க. இதுல எந்த இடத்துல களிமண் இருக்குன்னு காட்டுங்க."

வேறு யாராவது இருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்திருப்பார்கள். ஃபியூஸ் சாருக்கு எதைக் காட்டினாலும் பார்த்தாக வேண்டும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இந்த வெள்ளையா வளையம் மாதிரி இருக்குறது?"

"எலும்பு."

"நடுவுல இது?"

"மூளை. இருக்கா?"

"இருக்கும்மா."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"தாராளமாவே இருக்கும்மா."

தலைமையாசிரியை தொண்டையைக் கனைத்தார். தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் அவர் எப்போதும் கனைப்பார். "சார், இனிமே அந்த வார்த்தை எட்டாம் வகுப்புல உங்க வாயிலேருந்து வரக்கூடாது. ஒரு தடவை வந்தாலும் அந்த வகுப்பு பி.டி. சாருக்குப் போயிடும். நீங்க ஒன்பதும் பத்தும் மட்டும் பார்த்துக்குங்க."

"நான் நடுவுல வந்து உட்கார்ந்து பார்ப்பேன்," என்றாள் டாக்டரம்மா.

"எப்ப வேணா வாங்கம்மா," என்றார் தலைமையாசிரியை.

மற்றவர்களுக்கு இது சின்னத் தண்டனையாகத் தெரியலாம். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பரிசோதனைக்கூடம் என்பதே கிடையாது. கேள்வி, பதில், பழைய வினாத்தாள், அவ்வளவுதான். கம்பி, பேட்டரி, தொட்டி, தண்ணீர் என்று கையை அழுக்காக்கிக்கொள்ள அவருக்கு மிச்சம் இருந்தது எட்டாம் வகுப்பு ஒன்றுதான். அது போய்விட்டால் அவர் பாடப்புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கிற ஒரு மனிதர்.

ஆசிரியர் அறையில் பி.டி. சார் அவரைவிடக் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகம் இருந்தது.

"எதுக்கும் படிச்சு வைங்கன்னு மேடம் சொல்லிட்டாங்க சார். பிரிச்ச உடனே ஓம் விதின்னு போட்டிருக்கு. யார் விதின்னு பார்த்தா, என் விதி."

"நான் சொல்லமாட்டேன் சார். கவலைப்படாதீங்க."

"சத்தியமாச் சொல்லமாட்டீங்களே? வாயில விசில் வேணா வெச்சுக்கிறீங்களா? என்கிட்ட ரெண்டு இருக்கு."

ஃபியூஸ் சார் சிரித்துக்கொண்டே புத்தகத்தை வாங்கி, அடுத்த பாடம் என்னவென்று புரட்டினார். புரட்டியவர் உட்கார்ந்துவிட்டார். அடுத்த பாடம், மண் வகைகளும் மின்கடத்தலும். மணல், தோட்டத்து மண், அப்புறம் மூன்றாவதாக ஒன்று. மூன்றிலும் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவது அந்த மூன்றாவதுதான். பாடமே அதுதான்.

அப்படியே திரும்பித் தலைமையாசிரியையிடம் போனார். பாடத்தில் வருகிறதே, பாடத்துக்காகச் சொல்லலாமா என்று கேட்டார்.

"கூடாது சார். தொட்டியைப் பார்த்துச் சொல்ல ஆரம்பிப்பீங்க, பையனைப் பார்த்துச் சொல்லி முடிப்பீங்க. உங்களை எனக்குத் தெரியாதா? வேற பேர் வெச்சு நடத்துங்க. மொழியில வார்த்தைக்கா பஞ்சம்?"

அவருடைய மனைவி ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். வார்த்தை விஷயம் என்றால் வீட்டில் அவரிடம்தான் கேட்பது வழக்கம். முதலில் அவர் உருப்படியாகத்தான் ஆரம்பித்தார். குழைமண், பசைமண், பிசுக்குமண் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பிறகு விளையாட்டில் இறங்கிவிட்டார்.

"ஏங்க, இந்தப் பொம்மை எதுல செஞ்சது?"

"மண்ணுல."

"எந்த மண்ணு?"

"ஒட்டுற மண்ணு."

"சரி, கட்டிக் கட்டியா சாப்பாடு குழைஞ்சு போச்சுன்னா எதை மாதிரி இருக்குன்னு சொல்லுவீங்க?"

"நல்லா இருக்குன்னு சொல்லுவேன்."

"பரவாயில்ல, தேறிடுவீங்க," என்றார் மனைவி. "ஆனா அந்த வார்த்தையை எங்கேயுமே சொல்லாதீங்க. வீட்டுல சொல்லலாம், வகுப்புல சொல்லக்கூடாதுன்னு நாக்குக்குத் தனியாச் சொல்லிப் புரியவைக்க முடியாது."

இந்த யோசனைதான் அவரைக் கவிழ்த்தது.

பரிசோதனைக்கூடத்துக்கும் தலைமையாசிரியையின் அறைக்கும் நடுவில் இருப்பது பலகைத் தடுப்பு. அது கூரையைத் தொடாமல் ஓர் ஆள் உயரத்தோடு நின்றுவிடும். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் காகிதம் பறக்கும். பாடம் நடத்தும் நாள் காலையில் ஃபியூஸ் சார் லேப் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டார். லேப் அண்ணன் என்றால் கூடத்தைத் திறப்பது, பூட்டுவது, கழுவுவது, கேட்டதைக் கொண்டு வருவது எல்லாம் பார்க்கிறவர். எதைச் சொன்னாலும் சொன்னதற்கு மேலேயே செய்துகொடுக்கும் நல்ல மனசு அவருக்கு.

"அண்ணே, ஒரு தொட்டியில மணல் வேணும். ஒரு தொட்டியில தோட்டத்து மண்ணு. அப்புறம்..." ஃபியூஸ் சார் தடுப்புக்கு மேலே இருந்த இடைவெளியைப் பார்த்தார். "அப்புறம், இந்தப் பானை, பூந்தொட்டி எல்லாம் செய்வாங்கள்ல, அது."

"எது சார்?"

"அதான்ணே. பானை எதுல செய்வாங்க?"

"சக்கரத்துல."

"சக்கரத்து மேல எதை வெச்சுச் செய்வாங்க?"

"மண்ணை."

"எந்த மண்ணை?"

"அதான் சார் நானும் கேக்குறேன்."

ஃபியூஸ் சார் இரண்டு கையாலும் எதையோ பிசைந்து காட்டினார், உருட்டிக் காட்டினார், விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரியாதது போலவும் காட்டினார். லேப் அண்ணன் அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "புரிஞ்சிடுச்சு சார், விடுங்க. ஜமாய்ச்சிடலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து தலைமையாசிரியையின் குரல் வந்தது. "நல்லாத்தான் சமாளிக்கிறீங்க சார்."

மணி அடித்தது. எட்டாம் வகுப்பு உள்ளே வந்தது. அதற்குப் பின்னாலேயே டாக்டரம்மாவும் வந்தாள். கடைசி பெஞ்சில் முழங்காலை எப்படி வைப்பது என்று தெரியாமல் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். தலைமையாசிரியையும் வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ரேடியோ ஒரு தடவை திரும்பி அம்மாவைப் பார்த்துவிட்டு, வாழ்நாளில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மேசையில் மூன்று தொட்டிகள். மூன்றாவதை லேப் அண்ணன் ஒரு துணி போட்டு மூடியிருந்தார். ஒரு பலகையில் பேட்டரியும் பஸ்ஸரும் பொருத்தி, அவற்றிலிருந்து இரண்டு கம்பிகளை இழுத்து, முனையில் இரண்டு நீள ஆணிகளைக் கட்டியிருந்தார் ஃபியூஸ் சார். ஆணி இரண்டையும் ஒன்றோடொன்று தொடவைத்தார். பஸ்ஸர் வீரிட்டது. ஆணிகளை மணலில் குத்தினார். சத்தமே இல்லை. தோட்டத்து மண்ணில் குத்தினார். அதிலும் இல்லை.

"காஞ்ச மண்ணு வாயைத் திறக்காது. தண்ணி ஊத்தினாத்தான் பேசும்," என்றார்.

"ரேடியோவுக்குத் தண்ணியே வேண்டாம் சார்," என்றான் முன்வரிசைப் பையன் ஒருவன். ரேடியோ பதில் சொல்லவில்லை. அவன் ஏமாந்துபோனான்.

மணலில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி ஆணிகளைக் குத்தினார். பஸ்ஸர் காதருகே கொசு பறப்பது போல முனகியது. தோட்டத்து மண்ணில் அதே அளவு தண்ணீர் ஊற்றினார். இப்போது மழையில் நனைந்த ஸ்கூட்டரின் ஹாரன் போல இருந்தது. பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஃபியூஸ் சாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கடைசி பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையே மறந்து, "இப்போ கவனிங்க, மூணாவது," என்று துணியை விசுக்கென்று உருவினார்.

உள்ளே ஒரு பூந்தொட்டி கவிழ்த்து வைத்திருந்தது. வெளிப்புறத்தில் மஞ்சள் பெயிண்டில், கண்ணும் சிரிப்புமாக ஒரு சூரியகாந்தி வரைந்திருந்தது.

முன்வரிசை எழுந்து எட்டிப் பார்த்தது.

"அண்ணே," என்றார் ஃபியூஸ் சார், மெதுவாக. "என்னண்ணே இது?"

"பானை செய்யுற மண்ணு கேட்டீங்களே சார்." லேப் அண்ணன் முகத்தில் அவ்வளவு திருப்தி. "மண்ணை வாங்கி, பிசைஞ்சு, நீங்க எப்போ செஞ்சு முடிக்கிறது? செஞ்சதாவே கொண்டு வந்துட்டேன்."

"அது என் வராந்தாவுல இருந்த தொட்டி," என்றார் தலைமையாசிரியை.

"செடி வாளியில பத்திரமா இருக்கு மேடம்."

முன்வரிசைப் பையனுக்கு எதையும் பாதியில் விடப் பிடிக்காது. எழுந்து வந்து, ஆணிகள் இரண்டையும் எடுத்துச் சூரியகாந்தியின் இரண்டு கண்ணிலும் வைத்து அழுத்தினான். பஸ்ஸர் மூச்சு விடவில்லை. "மூணாவது மண்ணு கடத்தல சார்," என்று அறிவித்தான். உடனே வகுப்பு முழுக்கப் பேனாக்கள் ஓடத் தொடங்கின. மூன்றாவது மண் மின்சாரத்தைக் கடத்தாது.

ஃபியூஸ் சாருக்கு வகுப்பு போனால்கூடப் போகட்டும் என்று தோன்றியது. இத்தனை நோட்டில் இப்படி ஒரு பொய் ஏறுவதை அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"எழுதாதீங்க, எழுதாதீங்க. எழுதினவங்க அடிங்க. இது சூளையில வெச்சுச் சுட்டது. சுட்டா அதுல இருக்குற தண்ணியெல்லாம் போய்க் கல்லு மாதிரி ஆயிடும், அப்புறம் கடத்தாது. நமக்கு வேண்டியது சுடாதது."

"சுடாத பானையா சார்?"

"பானையும் இல்ல. பானையாகுறதுக்கு முன்னாடி."

"பானையாகுறதுக்கு முன்னாடி அதுக்கு என்ன சார் பேரு?"

கேட்டவள் பின்வரிசைப் பெண். அவளுக்குத் தெரியாமல் இல்லை. வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். விஷயம் எப்படியோ வகுப்பு முழுக்கப் பரவியிருந்தது. எப்படி என்பதற்கு ரேடியோ என்ற பெயரே விளக்கம். எல்லா முகமும் அவர் வாயையே பார்த்தன. டாக்டரம்மாவும் பார்த்தாள்.

"பேரு முக்கியமில்லம்மா. குணம்தான் முக்கியம்," என்றார் ஃபியூஸ் சார். நெற்றியில் வேர்த்திருந்தது.

அதற்கு மேல் ரேடியோவால் முடியவில்லை. அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. "சார் சார், அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும் சார், பக்கத்துலயேதான் இருக்கு, ஈரமா வேற இருக்கு, ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடவா சார்?"

"போ," என்றார் ஃபியூஸ் சார். எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

ரேடியோ போன வேகத்தில் திரும்பி வந்தாள். முழங்கை வரைக்கும் சேறு. இரண்டு கையிலும் ஏந்தியிருந்தது கறுப்பாக, வழவழப்பாக, ஈரம் மினுங்கும் ஒரு கட்டி. கவிழ்த்த பூந்தொட்டியை எடுத்துவிட்டு அதைத் தொட்டிக்குள் பொத்தென்று போட்டாள். ஃபியூஸ் சார் ஆணிகளைக் குத்தினார்.

பஸ்ஸர் அலறியது. ஆணிகளை நேராகத் தொடவைத்தபோது வந்த சத்தத்துக்கு ஒரு பிடிகூடக் குறையவில்லை. பக்கத்து வகுப்பில் யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். அலுவலக எழுத்தர் கதவில் தலையை நீட்டி, தீ எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார். எட்டாம் வகுப்பு பெஞ்சைத் தட்டிக் கூத்தாடியது. ஃபியூஸ் சார் ஆணிகளை எடுப்பதும் குத்துவதுமாக இருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் எட்டாம் வகுப்பு வயதுதான் இருக்கும்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் பி.டி. சார் உள்ளே வந்தார். தரையில் சிந்தியிருந்த சேற்றுத் துளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"யாரு? என் பிட்ச்ல குழி தோண்டுனது யாரு?" என்றார். "சனிக்கிழமை கிரிக்கெட் மேட்ச். தண்ணி ஊத்தி, ரோலர் உருட்டி, பச்சப்புள்ள மாதிரி பார்த்துக்கிட்ட களிமண்ணு சார் அது."

வகுப்பு மூச்சை உள்ளே இழுத்தது. வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"நல்ல களிமண்ணு எங்க கிடைக்குது? லாரி லாரியாப் பார்த்து, இது களிமண்ணு, இது களிமண்ணு இல்லன்னு கையால தொட்டுத் தொட்டுப் பொறுக்கி எடுத்தேன்."

அவர் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும், வெயிலில் நிற்கிறவனுக்கு முன்னால் வேறொருவன் மோர் குடிப்பதைப் போல ஃபியூஸ் சார் பார்த்துக்கொண்டிருந்தார். பி.டி. சார் அதற்குள் கடைசி பெஞ்சைக் கவனித்துவிட்டார். முகம் வெளுத்தது.

"நீங்க சொல்லிட்டீங்களா சார்?"

"இல்ல சார். நீங்கதான் சொன்னீங்க."

"நான் சொல்லலாம்ல மேடம்?"

"நீங்க தாராளமாச் சொல்லலாம்," என்றார் தலைமையாசிரியை.

பி.டி. சாருக்குப் போன உயிர் வந்தது. "அப்போ இன்னும் ரெண்டு கூடை கொண்டு வரச் சொல்லட்டுமா சார்? தோண்டினது தோண்டியாச்சு. பாடம் முக்கியம். நீங்கதான் நடத்தணும், நீங்களேதான் நடத்தணும்."

தலைமையாசிரியை எழுந்து வரிசைகளுக்கு நடுவே நடந்து, நோட்டுகளை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு நோட்டில், மின்சாரத்தை நன்கு கடத்துவது அது, என்று எழுதியிருந்தது. அடுத்ததில், பானையாகாத பானை. இன்னொன்றில், பி.டி. சார் மண். ரேடியோவின் நோட்டில், சேற்றுக் கைரேகைகளுக்கு நடுவில், சார் சொல்லமாட்டேங்கிறது, என்றிருந்தது.

"பரீட்சையில இப்படி எழுதினா யார் மார்க் போடுவா?" என்றார் தலைமையாசிரியை. கேள்வி யாரை நோக்கி என்று அவருக்கே நிச்சயமில்லை.

அப்போது டாக்டரம்மா கையைத் தூக்கினாள். பெஞ்சில் உட்கார்ந்தால் கை தானாகத் தூக்கிக்கொள்ளும்போல.

"சார், அது மட்டும் ஏன் அவ்வளவு நல்லாக் கடத்துது?"

இது கேட்க வேண்டிய கேள்வி. எத்தனையோ வருடமாக அவர் காத்திருந்த கேள்வி. ஃபியூஸ் சார் பயத்தையெல்லாம் ஓரங்கட்டிவிட்டுச் சாக்பீஸை எடுத்தார்.

"மணல் பெரிய பெரிய குருணைங்கம்மா. தண்ணி ஊத்தினா இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் விட்டுடும். இது அப்படியில்ல. கண்ணுக்கே தெரியாத மெல்லிசுத் தகடு, ஒண்ணு மேல ஒண்ணு. ஊத்தின தண்ணியை லேசுல விடாது. அந்தத் தண்ணியில உப்பெல்லாம் கரைஞ்சிருக்கும். தகடுங்க மேலயும் கொஞ்சம் மின்னேற்றம் ஒட்டிக்கிட்டு இருக்கும். எல்லாம் கைகோத்துக்கிட்டா மின்சாரத்துக்கு நல்ல ரோடு போட்ட மாதிரி."

"தண்ணியும் உப்பும்," என்றாள் டாக்டரம்மா. "நரம்புலயும் அதே கதைதான் சார். மூளையில முக்கால்வாசி தண்ணி, அதுல உப்பு, அதனாலதான் சிக்னல்..." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். பேச்சு எங்கே போய் நிற்கப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வகுப்புக்கும் தெரிந்துவிட்டது.

"அப்போ மூளையும் அதுவும் ஒண்ணாம்மா?" என்றாள் ரேடியோ.

டாக்டரம்மாவுக்கு ரிப்போர்ட்டில் பொய் எழுதிப் பழக்கமில்லை. "ஒண்ணு இல்ல. ஆனா, கடத்துறதைப் பொறுத்த வரைக்கும், கொஞ்சம் ஏறக்குறைய."

"அப்போ சார் அன்னைக்கு ரேடியோவைத் திட்டலையா?" என்றான் முன்வரிசைப் பையன். "பாராட்டுனாரா?"

பி.டி. சார் ஃபியூஸ் சாரைப் பார்த்து, ஆமா சொல்லுங்க, ஆமா சொல்லுங்க என்று தலையை ஆட்டினார். தலைமையாசிரியைகூட, அவர் ஆமா என்று சொன்னால் ஏற்றுக்கொள்வதற்குத் தயாராக நின்றார்.

ஃபியூஸ் சார் சாக்பீஸை உருட்டிக்கொண்டு யோசித்தார்.

"இல்லப்பா. திட்டத்தான் செஞ்சேன். மின்கடத்தலை எல்லாம் நினைச்சுச் சொல்லல. கோபம் வந்துச்சு, சொன்னேன். தப்புதான்." பிறகு மூன்றாவது தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். "ஆனா நோட்டுல தப்பா எழுதக்கூடாது. எல்லாரும் அடிச்சுட்டு எழுதுங்க. மூணு மண்ணுலயும் மின்சாரத்தை நல்லாக் கடத்துறது, ஈரமான களிமண்."

நிறுத்தி, நிதானமாக, ஒரு தடவைதான் சொன்னார். பி.டி. சார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். தலைமையாசிரியை கனைத்தார். கனைத்துவிட்டு டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

டாக்டரம்மா பெஞ்சிலிருந்து முழங்காலை விடுவித்துக்கொண்டு எழுந்தாள். "எதைப் பார்த்துச் சொன்னார்?"

"தொட்டியைப் பார்த்து," என்றார் தலைமையாசிரியை.

"தொட்டியில இருக்குறது என்ன?"

"அதான்."

"அப்போ சரியான ரிப்போர்ட்தானே மேடம். இருக்குற இடத்துல இருக்குன்னு சொல்லியிருக்கார்." மேசைக்கு வந்தவள் ஃபியூஸ் சாரிடம் கையை நீட்டினாள். "அந்த ஆணியைக் கொஞ்சம் கொடுங்க."

அதற்கப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. உலர்ந்த உள்ளங்கையில் ஆணிகளை வைத்துப் பார்த்தாள், பிறகு கையை நனைத்துக்கொண்டு வைத்துப் பார்த்தாள். ஈர டஸ்டர், வாளியில் இருந்த செடியின் தண்டு, லேப் அண்ணனின் தேநீர் என்று ஒவ்வொன்றாகப் போனாள். தேநீரில் பஸ்ஸர் கத்தியதும் லேப் அண்ணன் குவளையைத் தள்ளி வைத்துவிட்டார். அவளுடைய கைப்பையில் போன் அடித்துக்கொண்டேயிருந்தது. சென்டரில் யாரோ மெஷினுக்குள் படுத்துக் காத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

"அடுத்த பாடம் என்ன சார்?" என்றாள், போகிற போக்கில்.

"காந்தம்மா."

டாக்டரம்மா நின்றாள். "காந்தமா? எங்க பெரிய மெஷினே காந்தம்தான் சார். உள்ளே போறவங்க சாவிக்கொத்தை மறந்துட்டா என்ன ஆகும்னு நான் சொல்றேன் பிள்ளைங்களுக்கு. வியாழக்கிழமை காலையில எனக்கு வேலை கிடையாது. இனிமே எல்லா வியாழக்கிழமையும் வந்துடறேன்."

"வாங்க, வாங்க," என்றார் தலைமையாசிரியை, பூந்தொட்டியை அணைத்துப் பிடித்தபடி. "எட்டாம் வகுப்பு சார்கிட்டயேதான் இருக்கும்."

மணி அடித்து எல்லோரும் வெளியேறினார்கள். பி.டி. சார் போகும்போது அறிவியல் புத்தகத்தை ஃபியூஸ் சார் மேசையில், தீர்ந்த கடனைப் போல வைத்துவிட்டு, விசிலடித்துக்கொண்டே போனார். ஃபியூஸ் சார் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, மேசைக்குப் பக்கத்தில் ரேடியோ நின்றாள்.

"சார், ஒரு சின்ன உதவி."

"என்ன?"

"அம்மா வாராவாரம் வர்றாங்களாம்."

"ஆமா. நல்ல விஷயம்தானே."

"வகுப்புல அம்மா இருந்தா நான் எப்படி சார் பேசுறது?"

"பேசாம இரு."

"இன்னைக்கு இருந்து பார்த்தேன் சார். தலை வலிக்குது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அதனால, நீங்க என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை அதைச் சொல்லிடுங்க சார். நான் வீட்டுல போய்ச் சொல்லிடறேன். அம்மா கோவிச்சுக்கிட்டு இந்தப் பக்கமே வரமாட்டாங்க."

"எனக்கு வகுப்பு போயிடுமே."

"பி.டி. சார் வருவார்ல சார். அவருக்கு எதுவும் தெரியாது, பாவம். நாங்களே அவருக்கு நடத்திடுவோம்."

ஃபியூஸ் சாருக்குக் கழுத்துப் பட்டையிலிருந்து சூடு ஏறியது. கண்ணாடியைக் கழற்றினார். மூச்சை இழுத்தார். ரேடியோ நம்பிக்கையோடு நிமிர்ந்து பார்த்தாள். இழுத்த மூச்சை அவர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டார். பிறகு மூன்றாவது தொட்டியிலிருந்து அந்தக் கட்டியைத் தூக்கி அவள் கையில் வைத்தார்.

"இதை எடுத்த இடத்துலயே வெச்சு, மிதிச்சு, சமமாக்கிட்டு வா."

ரேடியோ கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் அவ்வளவு அப்பாவித்தனம்.

"இது என்ன சார்?"

ஃபியூஸ் சார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"பிட்ச்."